ஆளுக்கொரு கதவு: கற்பனை விண்கலத்தில் யாரை எங்கே படுக்க வைப்பது?

கிருஷ்ணகிரியில் நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு விண்வெளித் தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறோம். கலத்தில் பணியாளர்கள் 40 பேர், பயணிகள் 120 பேர், பயணம் ஆறு மாதம். என்ஜின், எரிபொருள் எல்லாம் ஒரே மாலையில் முடிவாகிவிட்டது. இத்தனை பேரை எங்கே படுக்க வைப்பது என்பதில்தான் மூன்று வாரமாக இழுபறி. ஷிப்ட் மாற்றிப் படுக்கும் பொதுக் கட்டில், ரயில் பெட்டி மாதிரி அடுக்குப் படுக்கை, ஆளுக்கொரு சிற்றறை என்று மூன்று வழிகள் எங்கள் முன்னால் இருந்தன.

பொதுக் கட்டில் நீர்மூழ்கிக் கப்பல்களில் நிஜமாகவே இருக்கும் வழக்கம்தான். ஒருவர் வேலைக்கு எழுந்து போனதும் இன்னொருவர் அதே இடத்தில் வந்து படுப்பார். பணியாளர்களுக்கு 20 கட்டில் போதும் என்றார் நண்பர். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஓசூரில் வேலை பார்த்த இரண்டு வருடம் நான் இப்படித்தான் தூங்கினேன். பத்துக்குப் பத்து அறை, மூன்று கட்டில், ஆறு பேர். நைட் ஷிப்ட் முடித்து வந்து சாய்ந்தால், முன்னால் படுத்தவனின் உடம்புச் சூடு மெத்தையில் அப்படியே இருக்கும். தலையணையில் அவன் தேய்த்த எண்ணெய் வாசனை. உறையை மட்டும் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு, எழுந்ததும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவோம். அந்த அறையில் எனக்கென்று இருந்தது அந்த உறை ஒன்றுதான்.

சூட்டுக்கும் வாசனைக்கும் பழகிவிடலாம். ஒருவனுக்குக் காய்ச்சல் வரும்போதுதான் கணக்கு உடையும். அவன் எழ மாட்டான், அடுத்தவனுக்கு இடம் இருக்காது. நாங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவோம். விண்கலத்தில் மொட்டை மாடி ஏது?

அப்புறம் ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். கட்டிலுக்கு 2 கன மீட்டர் என்றால் 20 கட்டிலுக்கு 40. ஆளுக்கு 4 கன மீட்டரில் தனியறை கொடுத்தால் 160. மிச்சமாவது 120 கன மீட்டர், அதாவது 8 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள ஒரு வகுப்பறை. அந்த ஒரு வகுப்பறைக்காக 40 பேரின் ஆறு மாதத் தூக்கத்தைக் கெடுக்கலாமா?

அடுக்குப் படுக்கை ஓர் இரவுக்கு நல்லது. தர்மபுரி வழியாகப் போகும் ரயிலில் ஏறியவர்களுக்குத் தெரியும்: நடு பர்த்காரர் எழுந்தால்தான் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியும். ஒருவர் தூக்கம் எட்டுப் பேர் கையில். இரண்டு நாள் ஓடும் சிறு படகுக் கலத்துக்கு இதை வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

மிச்சம் தனியறை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஒருவர் படுக்கும் அறை டெலிபோன் பூத் அளவுதான், சுமார் 2 கன மீட்டர். ஹார்மனி பகுதியில் அப்படி நான்கு அறைகள், தரையில் ஒன்று, கூரையில் ஒன்று, இரு பக்கச் சுவர்களில் ஒவ்வொன்று. எடை இல்லாத இடத்தில் மேல் பர்த், கீழ் பர்த் என்ற சண்டையே கிடையாது. ஆனால் காற்றோட்டம் கட்டாயம். அங்கே சூடான காற்று மேலே போகாது, விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தேங்கும். அதனால் ஃபேன் நிற்கவே கூடாது. எங்கள் கலம் நிமிடத்துக்கு 4 முறை சுழல்கிறது, ஆரம் 56 மீட்டர். அந்தச் சுழற்சியில் பூமியில் இருப்பது போன்ற எடை கிடைத்துவிடும், கட்டிலைத் தரையில் போடலாம். ஃபேனை அப்போதும் எடுக்க மாட்டேன். அதன் இரைச்சல் பக்கத்து அறைப் பேச்சை மறைக்கும்.

தனியறை மட்டும் கொடுத்தால் ஆட்கள் உள்ளேயே அடைந்து கிடப்பார்களே என்றார் மற்றொரு நண்பர். நியாயமான பயம். அதற்கு என் பதில் திண்ணை. எங்கள் பக்கத்துக் கிராம வீடுகளில் வாசலை ஒட்டிக் கல் பலகை போட்டிருப்பார்கள். அதில் உட்கார்ந்தால் வீட்டுக்குள்ளும் இல்லை, தெருவிலும் இல்லை. பேசப் பிடித்தால் பேசலாம், இல்லையென்றால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம். பயணிகள் பகுதியில் எட்டு அறைக்கு ஒரு திண்ணை, நடைபாதை பார்த்தபடி. அறையில் அரை மீட்டர் குறைந்தாலும் பரவாயில்லை, திண்ணையைக் குறைக்கக் கூடாது.

பணியாளர்களுக்குத் திண்ணை வேண்டாம். ஷிப்ட் முடிந்து வருபவரைப் பயணிகள் நிறுத்தி "எப்போ சார் போய்ச் சேருவோம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்குத் தனி நடைபாதை, நல்ல இருட்டு. சாப்பாட்டுக் கூடம் மட்டும் எல்லோருக்கும் பொது. 1973-இல் அமெரிக்கா ஏவிய ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் மூன்று பேருக்கும் தனித்தனித் தூங்கும் இடம் இருந்தது. சாப்பாட்டு மேசை முக்கோணம், தலைமை இடம் என்று ஒன்று யாருக்கும் அமையாதபடி. எங்கள் கூடத்து மேசைகளையும் அப்படியே வரைந்துவிட்டோம்.

நேற்று வரைபடத்தில் கடைசியாக நான்கு அறைகள் சேர்த்தேன். யார் பெயரும் எழுதவில்லை. காய்ச்சல்காரருக்கும், பக்கத்து அறைக்காரரோடு சண்டை போட்டவருக்கும் அவை இருக்கட்டும். நண்பர்கள் அந்த நான்கு அறைகள் இருக்கும் நடைபாதைக்கு மொட்டை மாடி என்று பெயர் எழுதிவிட்டார்கள்.