ஒரு ஒயரா, இரண்டு ஒயரா, ஒயரே இல்லாததா: பேஸ்மேக்கர் வைக்கும் முன் கேட்க வேண்டியவை

"ஒத்தை ஒயரா, ரெட்டை ஒயரா? சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க."

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மருத்துவமனை வராந்தாவில் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். கூடவே ஒரு விலைச் சீட்டு. உள்ளே அப்பா கழுத்து வழியாகத் தற்காலிக பேஸ்மேக்கர் போட்டுப் படுத்திருந்தார். வயது 71. குறுவை நடவுக்கு நாற்றுக்கட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே மயங்கிச் சரிந்துவிட்டார். நாடி நிமிடத்துக்கு 34. நான் சீட்டில் பார்த்ததெல்லாம் விலையைத்தான். விலை கூடினால் நல்லதாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தக் கணக்கு தப்பு என்பது, வேறொரு கார்டியாலஜிஸ்ட் இ.சி.ஜி. தாளை விரித்து வைத்துப் பேசியபோதுதான் புரிந்தது.

அவர் கேட்ட முதல் கேள்வி, "ஐயா என்னென்ன மாத்திரை சாப்பிடுறார்?" அடினோலால், மெட்டோபிரோலால் போன்ற பிரஷர் மாத்திரைகள் துடிப்பைக் குறைக்கும். தைராய்டு குறைந்தாலும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினாலும் துடிப்பு இறங்கும். இதையெல்லாம் சரிசெய்ததும் துடிப்பு திரும்பிவிட்டால் நிரந்தர பேஸ்மேக்கரே தேவைப்படாமல் போகலாம். வீட்டில் இருக்கிற மாத்திரைப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அப்புறம் அவர் தாளில் இருந்த சின்னச் சின்ன மேடுகளைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். அவை இதயத்தின் மேலறைத் துடிப்பு, சீராக 80. பெரிய கூம்புகள் கீழறையின் துடிப்பு, 34தான். நம் ஊரில் சொன்னால் உடனே புரியும்: ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, மதகு அடைத்துக்கொண்டது, வாய்க்கால் காய்கிறது. இதைத்தான் ஹார்ட் பிளாக் என்கிறார்கள். பேஸ்மேக்கர் அந்தத் துடிப்பைத் தருகிற கருவி: தோலுக்கடியில் பேட்டரி உள்ள சின்னப் பெட்டி, அதிலிருந்து இதயத்துக்குள் போகும் ஒயர். ரத்தக்குழாய் அடைப்பை அது நீக்காது, மாரடைப்பையும் தடுக்காது.

இரண்டு ஒயர் வகையில் ஒன்று மேலறையிலும் ஒன்று கீழறையிலும் இருக்கும். மேலறை அடித்ததும் சரியான இடைவெளி விட்டுக் கீழறையை அடிக்க வைக்கும். அப்பாவுக்கு மேலறை நன்றாக இருந்ததால் இதுதான் பொருத்தம். ஒற்றை ஒயர் கீழறையில் மட்டும் இருக்கும். மேலறை என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது. இரண்டும் தாளம் தப்பினால் சிலருக்குக் களைப்பு, தலைசுற்றல், கழுத்தில் திடும் திடும் என்று துடிப்பு வரும். வயலில் நாள் முழுக்க நிற்கிற ஆளுக்கு அது பெரிய தொந்தரவு.

ஆனால் மன்னார்குடி அத்தைக்கு ஒற்றை ஒயர்தான் வைத்தார்கள், அதுவே சரி. அவருக்குப் பல வருடமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். மேலறை துடிக்காமல் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. அங்கே இன்னொரு ஒயர் வைத்து ஒரு பயனும் இல்லை. பிரிட்டனில் 70 வயதைத் தாண்டிய ஹார்ட் பிளாக் நோயாளிகள் 2,021 பேரிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஐந்து வருடத்தில் ஒற்றைக்கும் இரட்டைக்கும் இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை. ஆகவே வயதானவருக்கு ஒற்றை ஒயர் வைத்தால் உயிரில் குறை வைத்துவிட்டோமோ என்று பிள்ளைகள் மருக வேண்டியதில்லை. ஒற்றைக்கு அறுவை நேரமும் குறைவு, ஒயர் நகரும் வாய்ப்பும் குறைவு, பேட்டரியும் பொதுவாகச் சற்றுக் கூடுதலாக உழைக்கும். சுமாராக 8 முதல் 12 வருடம் என்று வைத்துக்கொள்ளலாம். பேட்டரி தீரும்போது பெட்டியை மட்டும் மாற்றுவார்கள். ஒயர் நன்றாக இருந்தால் அப்படியே இருக்கும்.

எக்கோ என்ற இதய ஸ்கேனில், இதயம் ரத்தத்தைத் தள்ளும் அளவு (பம்பிங்) 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மட்டும் இந்த ஒப்பீடு போதாது. கீழறையைத் தொடர்ந்து ஒரே இடத்திலிருந்து தூண்டினால் சிலருக்கு இதயம் இன்னும் தளரும். இதயத்தின் மின்துடிப்பு போகும் இடது கிளைப் பாதையில் ஒயர் வைப்பது, அல்லது இரண்டு கீழறைகளையும் சேர்ந்து துடிக்க வைக்கும் சி.ஆர்.டி. பற்றி டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும்.

ஒயரே இல்லாதது மூன்றாவது வகை. மைக்ரா என்ற கருவி 26 மில்லிமீட்டர் நீளம், 2 கிராம் எடை. தொடைச் சிரை வழியாகக் கொண்டுபோய் நேரே கீழறைக்குள் பொருத்துவார்கள். மார்பில் வெட்டு இல்லை, பெட்டி இல்லை. டயாலிசிஸ் செய்பவர்களுக்கும், பழைய பேஸ்மேக்கர் பெட்டி வைத்த இடத்தில் சீழ் பிடித்தவர்களுக்கும் இது பெரிய உதவி. பேட்டரி தீர்ந்தால் பெரும்பாலும் அதை உள்ளேயே விட்டுவிட்டு இன்னொன்று வைப்பார்கள். விலை மற்ற இரண்டைவிட மிக அதிகம். என் கருத்தைச் சொல்கிறேன்: அப்படிப்பட்ட காரணம் எதுவும் இல்லாமல், புதுசு என்பதற்காக மட்டும் நிலத்தை அடகு வைத்து இதை வாங்காதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பேஸ்மேக்கர் சிகிச்சை உண்டு. எந்த வகைக்கு எவ்வளவு என்பதைச் சேரும்போதே காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள்.

பெட்டி வைக்கும் பக்கத்தையும் கேட்க வேண்டும். வழக்கமாக இடது காறை எலும்புக்குக் கீழே வைப்பார்கள். நீங்கள் இடது கைக்காரர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அப்பா மருந்தடிக்கும் டேங்கின் பட்டை சரியாக அந்த இடத்தில்தான் அழுத்தும். அதனால் டேங்க் இப்போது தம்பி முதுகில். முதல் 4 முதல் 6 வாரம் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. ஒயர் பிடித்துக்கொள்ள அவகாசம் வேண்டும். மண்வெட்டி கூடவே கூடாது. அதே சமயம் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும்.

செல்போனை இடது சட்டைப் பையில் போடுகிற பழக்கத்தை விட வேண்டும். 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும், பேசும்போது வலது காது. இண்டக்ஷன் அடுப்பிலிருந்து 2 அடி. வெல்டிங் பட்டறைக்குள் போக வேண்டாம். பம்புசெட் ஓடும்போது மோட்டார் மேல் குனிந்து பார்க்கக் கூடாது. மோட்டார் கொட்டகையில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டோம். மின்கசிவு பேஸ்மேக்கரைக் குழப்பும்.

எம்.ஆர்.ஐ. எடுக்கத் தகுந்ததா என்று கேட்கும்போது பெட்டி, ஒயர் இரண்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள். ஒன்று மட்டும் தகுந்தது என்றால் போதாது. சொல்லக் கஷ்டமான இன்னொன்றும் உண்டு. இறந்தவரை எரிப்பதாக இருந்தால் பெட்டியை முன்பே எடுத்துவிட வேண்டும். பேட்டரி சூட்டில் வெடிக்கும். வீட்டில் ஒருவருக்காவது இது தெரிந்திருக்கட்டும்.

விலைச் சீட்டில் இல்லாத ஒரு விஷயம் செக்கப். ஒவ்வொரு கம்பெனியின் கருவியையும் அந்தக் கம்பெனியின் புரோகிராமர் இயந்திரம்தான் படிக்கும். அது தஞ்சாவூரிலோ திருச்சியிலோ எந்த நாளில் கிடைக்கும் என்று வைப்பதற்கு முன்பே கேளுங்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது போக வேண்டிய இடம், அதற்காகச் சென்னைக்கு பஸ் ஏற முடியாது. மாடல் எண் போட்ட அட்டை ஒன்று தருவார்கள். அப்பா அதை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருக்கிறார். அடுத்த செக்கப் சம்பா அறுவடை முடிந்ததும்.