16 வருடம், ஒரு அரிசி ஆலை, மூன்று நிரல்மொழிகள்

2009-ல் ஒரு அரிசி ஆலைக்கு எடை மேடையையும் நெல் கொள்முதல் கணக்கையும் பார்த்துக்கொள்ள ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். இன்றும் அதுதான் ஓடுகிறது. தராசிலிருந்து எடையை வாங்கும் துண்டு சி மொழியில் இருக்கிறது. பில், கூலி, கணக்கு எல்லாம் பைத்தான். குடோனுக்குத் தகவல் அனுப்பும் பகுதியை 2014-ல் கோலாங்கில் சேர்த்தேன். மூன்றையும் பராமரிக்கும் ஆள் நான் ஒருவன்தான்.

முதலில் பைத்தான். 3.0 வெளியானது 2008 டிசம்பரில். அப்போது அதை நம்பி யாரும் இறங்கவில்லை, நானும் 2-லேயே எழுதினேன். 2-க்கான ஆதரவு 2015-ல் முடியும் என்றார்கள், அப்புறம் 2020-க்குத் தள்ளினார்கள். அவர்கள் தள்ளினால் நாமும் தள்ளத்தானே செய்வோம்! 2019 கடைசியில்தான் மாற்ற உட்கார்ந்தேன்.

3-ல் கட்டாயமான அடைப்புக்குறியை பிரின்ட் (அச்சிடும்) கட்டளைக்குப் போடாததெல்லாம் ஒரு தொந்தரவே இல்லை. ஓட்டியதுமே பிழை காட்டி நின்றுவிடும், திருத்திவிடலாம். காலை வாரியது வகுத்தல். எங்கள் பக்கம் நெல் மூட்டை 75 கிலோ. 1000 கிலோவை 75-ஆல் வகுத்தால் பைத்தான் 2 பேசாமல் 13 என்று சொல்லும், பைத்தான் 3 சொல்வது 13.333333333333334. பில்லில் இந்த நீளத்தைப் பார்த்ததும் அச்சிடும் இடத்தில் மட்டும் தசமத்தை வெட்டிவிட்டேன். கூலிக் கணக்கும் அதே எண்ணைத்தான் எடுக்கிறது என்பது மறந்தே போயிற்று. மூன்று வாரம் கழித்துக் கணக்குப்பிள்ளை போன் செய்தார்: “தம்பி, மூட்டைக்கு 12 ரூபாய்னா பதிமூணு மூட்டைக்கு எப்படிப்பா நூத்தி அறுபது வரும்?” வரவேண்டியது 156. கூலி வாங்கியவர்கள் ஏன் புகார் சொல்லப் போகிறார்கள்? 2.7-லேயே இந்த வகுத்தலை எச்சரிக்க ஒரு வசதி இருந்தது. அதைப் போட்டுப் பார்க்காதது என் தப்பு.

தமிழ்ப் பெயர்களிலும் அடி வாங்கினேன். ‘முருகன்’ என்று எழுதி நீளம் கேட்டால் பைத்தான் 2 பைட்டுகளை (கணினி எழுத்தைச் சேமிக்கும் சிறு அலகுகளை) எண்ணி 21 என்றது. 3-ல் அது 7 ஆயிற்று. நாம் படிப்பதோ 4 எழுத்து. அந்த 21-ஐ நம்பி நான் கட்டி வைத்த பில் கட்டங்கள் எல்லாம் ஒரே நாளில் கோணலாயின. கோலாங்கில் கேட்டாலும் 21 என்றுதான் வரும், அது வேறு விஷயம்.

சி-யில் எழுதியது சுமார் 400 வரி. 16 வருடத்தில் இரண்டு முறைதான் கை வைத்தேன். அதில் ஒன்றை எளிதில் மறக்க மாட்டேன். தராசை மாற்றினார்கள். புதியது எடைக்கு முன்னால் ஒரு கூட்டல் குறியையும் சேர்த்து 8 எழுத்தாக அனுப்பியது. நான் ஒதுக்கியிருந்த இடமும் 8 பைட்தான், சரம் (எழுத்துத் தொடர்) முடிந்தது என்று காட்ட சி கடைசியில் போடும் பூஜ்யத்துக்கு அதில் இடமில்லை. அது பக்கத்தில் இருந்த வண்டி எண்ணின் முதல் பைட்டில் போய் உட்கார்ந்துகொண்டது. ரசீதில் எடை சரியாக இருக்கும், வண்டி எண் மட்டும் காலி. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. கணக்கெல்லாம் உட்கார்ந்திருக்கும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளமும் சி-யில் எழுதியதுதான், 2050 வரை ஆதரவு தருவதாக அதை உருவாக்குபவர்கள் சொல்கிறார்கள். அவர்களிடம் நிரலைப் போலப் பல நூறு மடங்கு சோதனை நிரல் இருக்கிறது. என்னிடம் ஒரு தராசுதான் இருந்தது.

கோலாங்கில் இந்த மாதிரிக் கதை எதுவும் என்னிடம் இல்லை. 2012-ல் 1.0 வந்தபோதே, 1-க்கு எழுதியது இனி வரும் பதிப்புகளிலும் ஓடும் என்று வாக்குக் கொடுத்தார்கள். 2014-ல் எழுதியது இன்றைய கம்பைலரிலும் ஏறுகிறது. நடுவில் மாட்யூல் முறை (நிரல் தொகுப்புகளை நிர்வகிக்கும் ஏற்பாடு) வந்ததால் ஒரு கோப்பு சேர்க்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். 2024-ல் 1.22 வந்தபோது ஃபார் சுழற்சியின் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளையின்) மாறி நடந்துகொள்ளும் விதத்தையே மாற்றினார்கள். ஆனால் அந்தக் கோப்பில் பழைய பதிப்பு எண் இருக்கும்வரை பழைய அர்த்தம்தான். பைத்தானில் வகுத்தலுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் கணக்குப்பிள்ளை போன் செய்திருக்க மாட்டார்.

இன்று புதிதாக எழுதச் சொன்னால் தராசுத் துண்டைக்கூட கோலாங்கில்தான் எழுதுவேன். அறிக்கைகள் மட்டும் பைத்தானிலேயே இருக்கட்டும், முதலாளி பருவத்துக்கு ஒரு வடிவம் கேட்பார். ரஸ்ட் என்ற மொழியைப் பலரும் புகழ்கிறார்கள். நான் பல வருடம் ஓட்டிப் பார்த்ததில்லை, அதனால் பேசவில்லை.

ஒரு குறை பாக்கி இருக்கிறது. எடை மேடை அறையில் இருக்கும் கணினி விண்டோஸ் 7. தராசு அட்டைக்கு அதற்குப் பிந்தைய டிரைவர் கிடையாது. கோலாங் 1.21 முதல் விண்டோஸ் 7-ஐ விட்டுவிட்டது, பைத்தானோ 3.8-ஓடு அங்கே நின்றுபோனது. மொழி வாக்குத் தவறவில்லை, காலடி மண்தான் நகர்ந்துவிட்டது. 1.20 கம்பைலரையும் 3.8 நிறுவியையும் இரண்டு பென் டிரைவில் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று என் மேசையில் இருக்கிறது, இன்னொன்று அந்த அறை டிராயரில், ரசீதுக் கட்டுகளுக்கு அடியில்.