நாள் தள்ளிப்போனதும்: வீட்டு ஸ்ட்ரிப்பா, ரத்தப் பரிசோதனையா?

நாள் தள்ளினால் முதலில் உடம்பைத்தான் கேட்கிறோம். மார்பு கனக்கிறதா, அசதியா, ஏதாவது வாசனை குமட்டுகிறதா? எனக்கு எல்லாம் இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய மூன்று மாதமும் இப்படியே இருந்து கடைசியில் மாதவிலக்கு வந்துவிட்டது. கருமுட்டை வெளிப்பட்டதும், கரு தங்கினாலும் தங்காவிட்டாலும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறும். மார்பு வலியும் அசதியும் அதன் வேலை. அறிகுறிகளை வைத்துச் சந்தேகப்படலாம், முடிவுகட்ட முடியாது.

மிச்சம் இரண்டு வழி: வீட்டிலேயே சிறுநீரில் கர்ப்பம் பார்க்கும் ஸ்ட்ரிப், இல்லையென்றால் ரத்தப் பரிசோதனை. நான் ஸ்ட்ரிப் பக்கம். கையில் உடனே கிடைக்கும், ஊசி இல்லை, தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் எதை எடுத்தாலும், சரியா தப்பா என்பதைத் தீர்மானிப்பது எந்த நாளில் பார்க்கிறோம் என்பதுதான்.

இரண்டு பரிசோதனையும் தேடுவது ஹெச்.சி.ஜி என்ற ஒரே ஹார்மோனை. கரு கருப்பையில் பதிந்த பிறகுதான் அது ரத்தத்துக்கு வரும். கருமுட்டை வெளிப்பட்டு கரு பதிய 6 முதல் 12 நாள் ஆகலாம். அதன்பின் ஹெச்.சி.ஜி அளவு இரண்டு மூன்று நாளுக்கொருமுறை ஏறக்குறைய இரட்டிப்பாகும். பல ஸ்ட்ரிப்கள் மில்லிலிட்டருக்கு 25 மில்லி யூனிட் அளவில்தான் கோடு காட்டும். இன்று 10 இருந்தால் 'இல்லை' என்று வரும். நான்கு நாளில் அதுவே 40 ஆகியிருக்கலாம். கரு அதேதான், நாள்தான் வேறு.

அவசரப்பட்டு மாதவிலக்கு நாளுக்கு மூன்று நாள் முன்பே பார்த்தேன். ஒற்றைக் கோடு. அன்று முழுக்க அழுதேன். நாள் தள்ளி நான்காம் நாள், விடிந்ததும் முதல் சிறுநீரில் மறுபடி பார்த்தேன். இளஞ்சிவப்பு ஈரம் மெல்ல நகர்ந்து, ஸ்ட்ரிப் வேலை செய்கிறது என்று மட்டும் சொல்லும் 'சி' கோட்டை அழுத்தமாக வரைந்தது. கர்ப்பத்தைச் சொல்லும் 'டி' பக்கம் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற ஒரு சாயல். அதுவும் கோடுதான். அட்டையில் சொன்ன நேரத்துக்குள் நிறத்தோடு தெரிந்தால் எவ்வளவு மங்கலானாலும் கணக்கில் சேரும். நேரம் தாண்டிச் சாம்பலாகத் தெரிவது பெரும்பாலும் காய்ந்த தடம், அதை நம்பவேண்டாம்.

மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு 'தள்ளிப்போன நாள்' எது என்றே தெரியாது. அவர்கள் கடைசியாக உறவு கொண்ட நாளிலிருந்து 21 நாள் விட்டுப் பார்க்கலாம்.

ரத்தப் பரிசோதனையை நான் ஒரே ஒரு தடவைதான், அதுவும் மருத்துவர் சொல்லி எடுத்தேன். அதன் பலம் எண்ணாகச் சொல்வது. பொதுவாக 5-க்குக் கீழ் என்றால் இல்லை, 25-க்கு மேல் என்றால் உண்டு, இடையில் நின்றால் 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். முன்பு கரு கலைந்தவர்களும், கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் கரு தங்கியவர்களும் ஸ்ட்ரிப்போடு நிற்காமல் இதற்குப் போவதே நல்லது. குழந்தைப்பேறு சிகிச்சையில் ஹெச்.சி.ஜி ஊசி போட்டிருந்தால், அந்த மருந்தே இரண்டிலும் 'உண்டு' என்று காட்டக்கூடும். மருத்துவர் குறித்த தேதி வரை பொறுக்கவேண்டும்.

அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றல் என்று வந்தால் ஸ்ட்ரிப் என்ன காட்டினாலும் சரி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.