பெண்ணியக் கோட்பாட்டு முதல் தாள்: அலையா, பிரிவா, கேள்வியா?

செமஸ்டருக்கு 15 வாரம் என்று வைத்துக்கொண்டால், பெண்ணியக் கோட்பாட்டின் அறிமுகத் தாளை மூன்று விதமாக அடுக்கலாம்: அலைகளாக (இயக்கம் எழுச்சி பெற்ற காலகட்டங்களாக), கொள்கைப் பிரிவுகளாக, கேள்விகளாக. படிக்க வேண்டிய கட்டுரைகள் மூன்றிலும் பெரும்பாலும் அவையேதான். எதற்குப் பின் எது வருகிறது என்பதைப் பொறுத்து மாணவர் மனதில் தங்குவது மாறிவிடுகிறது.

அலை வரிசை நடத்துவதற்குச் சுலபம். வாக்குரிமைக்கு 4 வாரம், 1960களின் இயக்கங்களுக்கு 5, 1990க்குப் பிந்தையவற்றுக்கு 4. ஆனால் இது அமெரிக்க நாள்காட்டி. அங்கே 1920இல் வாக்குரிமை கிடைத்ததும் முதல் அலை ஓய்ந்து, 1960கள் வரை இடைவேளை. அந்த இடைவேளையில்தான் சென்னை மாகாணத்தில் சொத்துத் தகுதியுள்ள பெண்கள் வாக்குரிமை பெற்றார்கள் (1921). செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை கேட்டது (1929). பூர்விகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தரும் தமிழ்நாட்டுச் சட்டம் வர 1989 ஆயிற்று. இதெல்லாம் எந்த அலை? பதில் இல்லாததால் 14ஆம் வாரத்தில் ‘இந்தியச் சூழல்’ என்று ஒரே வகுப்பில் திணிக்கப்படும்.

தாராளவாதம், மார்க்சியம், தீவிரப் பெண்ணியம் என்று பிரிக்கும் வரிசை தேர்வுக்குத் தோதானது; அதுவே அதன் வினையும். மாணவர்கள் வாதத்தை விட்டுவிட்டு முத்திரையை மனப்பாடம் செய்வார்கள். பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் தி பொவ்வாவை ‘இருத்தலியம்’ (மனிதர் தன் தெரிவுகளால் உருவாகிறார் என்னும் தத்துவம்) பெட்டியில் போட்டு மூடினால், ‘இரண்டாம் பாலினம்’ என்ற 1949 நூலின் தொடக்கத்திலேயே உயிரியல், உளப்பகுப்பாய்வு, மார்க்சியத்தின் வரலாற்றுப் பொருள்முதல்வாதம் மூன்றோடும் அவர் மல்லுக்கு நிற்பது கண்ணில் படாது.

கேள்வி வரிசையில் கோட்பாடு ஏன் தேவைப்பட்டது என்பது முதலில் தெரிகிறது. அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷாவின் 1989 கட்டுரையை எடுங்கள். அதில் ஒரு வழக்கு. ஜெனரல் மோட்டார்ஸ் 1964க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவில்லை. பின்னாளில் ஆள்குறைப்பு வந்தபோது கடைசியாகச் சேர்ந்தவர்கள் முதலில் நீக்கப்பட்டார்கள். வேலை இழந்த கறுப்பினப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். வெள்ளைப் பெண்கள் வேலையில் இருந்திருக்கிறார்களே, பாலினப் பாகுபாடு எங்கே என்றது நீதிமன்றம். இனப் பாகுபாட்டுக்கு வேறொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளச் சொன்னது. இரண்டும் சேர்ந்த காயத்துக்குப் பெயரில்லை. இவ்வளவையும் 20 நிமிடத்தில் சொல்லிவிட்டுக் கட்டுரையைக் கொடுத்தால் முதலாண்டு மாணவரும் பிடித்துக்கொள்வார்.

இதன் பலவீனம் காலக் குழப்பம். பொவ்வாவைப் படிக்காமல் அமெரிக்கத் தத்துவவாதி ஜூடித் பட்லரின் 1990 நூலுக்குள் (‘Gender Trouble’) போகிறவர், பாலினம் ஆடை மாதிரி மாற்றிக்கொள்வது என்று தவறாகப் புரிந்துகொண்டு வருவார். முதல் வகுப்பிலேயே ஒரு பக்கக் காலவரிசையைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு வாரமும் அதில் குறிக்கச் சொன்னால் பாதிக் குழப்பம் தீரும்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது கலப்பு வரிசை: பிரிவுகளுக்கு முதல் 3 வாரம், அடுத்த 10 வாரத்தில் உழைப்பு, உடல், குடும்பம், சட்டம், அறிவு என ஐந்து கேள்விகள், கடைசி 2 வாரம் கட்டுரை எழுத. வாரத்துக்கு 30 பக்கத்துக்கு மேல் வேண்டாம். மீறினால் யாரும் படிக்காமல் ஆசிரியரே சுருக்கம் சொல்லும் வகுப்பாகிவிடும். சாதியைத் தனிக் கேள்வியாக வைத்தால் பழைய 14ஆம் வாரம்தான் வேறு பெயரில் திரும்பும். தலித் பெண்கள் வேறாகப் பேசுவது பற்றி 1995இல் அரசியல் அறிஞர் கோபால் குரு எழுதியதையும் 1998இல் சமூகவியலாளர் சர்மிளா ரெகே கொடுத்த விமர்சனத்தையும் ‘அறிவு’ வாரங்களில், யாருடைய அனுபவம் கோட்பாடாகிறது என்ற கேள்விக்கு நேராக வையுங்கள்.