'4கே ஸ்கேன்' என்று சொல்லி என் மாமாவின் சூப்பர் 8 (அந்தக் காலத்துச் சின்ன வீட்டு சினிமா பிலிம்) ரீல்களை என்ன செய்தார்கள் தெரியுமா?

முதலில் கண்டுபிடித்தது அம்மாதான்.

டிவியில் அவருடைய கல்யாணப் படம் ஓடிக்கொண்டிருந்தது. 1974இல் மன்னார்குடியில் பெரிய மாமா எடுத்தது. ஐம்பது வருஷம் கழித்து அம்மா அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நாதஸ்வரக்காரர்கள் வந்தார்கள், ஹரித்ராநதி தெப்பக்குளம் வந்தது, பந்தல் வாசல் வந்தது. அம்மா கண்ணாடியை மூக்கின் மேல் தள்ளிவிட்டுக்கொண்டு கேட்டார்: "ஏண்டி, எல்லாரும் வலது தோள்ல முந்தானை போட்டிருக்காங்களே?"

நிறுத்திப் பார்த்தேன். உண்மைதான். பின்னால் போகும் பேருந்தின் பலகையில் இருந்த 'மன்னார்குடி' கண்ணாடியில் தெரிவதுபோல் வலமிருந்து இடமாக ஓடியது. குளத்தையும் கோபுரத்தையும் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை, அவை எப்படித் திருப்பினாலும் அப்படித்தான் இருக்கும். முந்தானை காட்டிக்கொடுத்துவிட்டது.

அன்று தொடங்கியது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ரீல்கள் இருந்தால், எங்கேயும் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

மாமா சிங்கப்பூரில் துறைமுக வேலையில் இருந்தார். ஒவ்வொரு லீவிலும் சூப்பர் 8 கேமராவோடு வருவார். திரும்பிப் போனதும் பிலிமை மஞ்சள் உறையில் போட்டுக் கழுவ அனுப்புவாராம், சில வாரத்தில் ரீலாகித் தபாலில் வருமாம். அவர் காலமான பிறகு அத்தை ஒரு பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்தார். உள்ளே 14 ரீல். பதினொன்று 50 அடி, மூன்று 200 அடி. ஒவ்வொரு டப்பாவிலும் மாமாவின் கையெழுத்து: 'ஊர் 3', 'தங்கச்சி கல்யாணம் 1'.

சென்னையில் ஒரு கடையைப் பிடித்தேன். பெயர் எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. "4கே ஸ்கேன் மேடம், ஃபிரேம் ஃபிரேமா எடுப்போம், வெளிநாட்டு மெஷின்" என்றார் கடைக்காரர். 4கே என்றால் படத்தின் அகலத்தில் ஏறத்தாழ நாலாயிரம் புள்ளி, 2கே என்றால் இரண்டாயிரம். அடிக்கு 30 ரூபாய். மொத்தம் 1,150 அடி, 34,500 ரூபாய். மெஷினைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அங்கேதான் தப்பு செய்தேன். மூன்று வாரத்தில் ஒரு பென்டிரைவ் வந்தது. 14 கோப்பும் சேர்ந்து 6 ஜிபி.

முந்தானை விஷயத்துக்குப் பிறகு ஒவ்வொரு கோப்பையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பாட்டி ஆரத்தி சுற்றும் இடத்தில் நிறுத்தினால் அவர் கை இரண்டாகத் தெரிந்தது, ஒன்று அழுத்தமாக, ஒன்று ஆவிபோல. அடுத்தடுத்த இரண்டு ஃபிரேம்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. ஃபிரேம் ஃபிரேமாக எடுத்திருந்தால் இது நடக்கவே நடக்காது. படம் முழுக்க வெளிச்சம் மெல்லத் துடித்தது. நடுவில் பளீரென்று ஒரு வட்டம், நான்கு மூலையும் இருட்டு. பந்தல் நிழலில் நின்றவர்கள் வெறும் கருப்பு உருவங்கள். முகங்கள் மெழுகு பொம்மைபோல் வழுவழுப்பாக இருந்தன. பாட்டியின் மூக்குத்தி இருக்க வேண்டிய இடத்தில் மழுங்கலாக ஒரு புள்ளி.

அவர்கள் ஸ்கேனே செய்யவில்லை. பழைய புரொஜெக்டரில் ஓட்டி, ஒரு பால்கண்ணாடித் திரையில் விழவைத்து, மறுபக்கத்திலிருந்து வீடியோ எடுத்திருக்கிறார்கள். பின்னாலிருந்து எடுத்தால் இடவலம் மாறும். நடுவில் ஒரு கண்ணாடி வைத்தோ, பிறகு கம்ப்யூட்டரிலோ திருப்பிக்கொள்ள வேண்டும், அதைக்கூடச் செய்யவில்லை. புரொஜெக்டர் நொடிக்கு 18 ஃபிரேம் ஓட்டுகிறது, கேமரா 30 எடுக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் அந்தத் துடிப்பும் இரட்டைக் கையும். கடைசியில் ஏதோ மென்பொருளில் பெரிதாக்கி '4கே' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

வீடியோ கேசட் காலத்தில் பலரும் இப்படித்தான் செய்தார்கள். ஆனால் வேலை தெரிந்தவர்கள் அதையும் ஒழுங்காகச் செய்தார்கள். மூன்று இதழ் ஷட்டர் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சத்தை மூன்று தடவை விடும் தடுப்பு) உள்ள புரொஜெக்டரின் வேகத்தை நொடிக்கு 16.67 ஃபிரேம் அளவுக்குக் குறைத்துவிட்டால், நொடிக்கு ஏறத்தாழ 50 தடவை வெளிச்சம் விழும், 25 ஃபிரேம் வீடியோவோடு ஒத்துப்போகும், துடிப்பு அடங்கிவிடும். இந்தக் கடையில் அந்த அக்கறைகூட இல்லை.

படம் மோசமாக வந்ததோடு நின்றிருந்தால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். ரீல்களைத் திரும்ப வாங்கி டின்னைத் திறந்தபோதுதான் வயிறு கலங்கியது. ஏழு இடத்தில் பிலிமின் ஓரத்துளைகள் கிழிந்திருந்தன. இரண்டு இடத்தில் அறுந்ததைச் சாதா செல்லோ டேப்பால் ஒட்டியிருந்தார்கள், பசை வழிந்து அடுத்த சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. 'ஊர் 3' ரீலின் தொடக்கத்தில், தாத்தா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் இடத்தில், நான்கு ஃபிரேம் கொப்புளித்துப் பழுப்பாகியிருந்தது. பிலிம் சிக்கி நின்றுவிட்டால் புரொஜெக்டர் விளக்கின் சூடு இப்படித்தான் செய்யும். ஸ்கேனரில் இருப்பது சூடில்லாத எல்இடி வெளிச்சம், அதில் கொப்புளம் வர வழியே இல்லை.

கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "மேடம், அம்பது வருஷப் பழைய பிலிம். நீங்க கொடுக்கும்போதே அப்படித்தான் இருந்திருக்கும்" என்றார்.

இருக்கவில்லை. கொடுப்பதற்கு முந்தைய ராத்திரி, எது என்ன ரீல் என்று பார்ப்பதற்காக ஒவ்வொன்றின் முதல் இரண்டடியை டேப்லெட்டின் வெள்ளைத் திரைமேல் வைத்துப் போனில் படம் எடுத்திருந்தேன். அந்த நான்கு ஃபிரேமும் அதில் முழுசாக இருக்கின்றன. அனுப்பி வைத்தேன். அதற்குப் பிறகு அவர் போனை எடுப்பதில்லை.

இதில் என் வயிறு எரிவதற்குக் காரணம் ஒன்று உண்டு. ஸ்டில் கேமராவில் நெகட்டிவ் இருந்த மாதிரி இதற்குக் கிடையாது. வீட்டுப் படங்கள் பெரும்பாலும் ரிவர்சல் பிலிம். கேமராவுக்குள் ஓடிய அதே துண்டுதான் கழுவப்பட்டு, வண்ணப் படமாகி, ரீலில் சுற்றி வந்திருக்கிறது. உலகத்தில் அதற்கு இன்னொரு பிரதி இல்லை. சூப்பர் 8இல் ஒரு ஃபிரேம் 5.8 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் உயரம். ஒரு நெல்மணியின் நீளம்கூட இல்லை. அதற்குள்தான் அம்மாவும் தாத்தாவும் தெப்பக்குளமும்.

இரண்டாவதாக வேறு ஊரில் ஒரு இடத்தில் கொடுத்தேன். இந்த முறை ரயிலேறி நானே எடுத்துப் போனேன். அங்கே இருந்த பையன் முதலில் ரீலை மோந்து பார்த்தான். வினிகர் வாடை வந்தால் அசிட்டேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது, சுருங்கியிருக்கும், அதை உடனே எடுக்க வேண்டும், மற்றவற்றோடு சேர்த்து வைக்கக் கூடாது என்றான். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது சீக்கிரம் வரும். எங்களுடையதில் ஒரு ரீலில் மட்டும் லேசாக வாடை இருந்தது. பிறகு துளையைப் பார்த்தான். சூப்பர் 8இல் துளை சிறியது, ஃபிரேமின் நடுவுக்கு நேராக இருக்கும். அதற்கு முந்தைய 8 எம்எம்மில் துளை பெரியது, இரண்டு ஃபிரேம்களுக்கு இடையே இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாதவரிடம் ரீலைக் கொடுக்காதீர்கள்.

மெஷினைக் காட்டச் சொன்னேன், தயங்காமல் காட்டினான். புரொஜெக்டரில் ஒரு நகம் துளைக்குள் புகுந்து ஒவ்வொரு ஃபிரேமாக வெடுக்கென்று இழுக்கும், பழைய பிலிம் கிழிவது அதனால்தான். இதில் பல்லே இல்லை, மென்மையான உருளைகள் பிலிமை வழுக்கிக்கொண்டு போகின்றன. ஒவ்வொரு ஃபிரேமும் தனியாகப் படமெடுக்கப்படுகிறது. ஓரத்தையும் துளையையும் சேர்த்து எடுக்கிறார்கள். இதனால் மாமாவின் கேமரா பிடித்த எதுவும் வெட்டுப்படாது, துளையை அடையாளமாக வைத்து ஆட்டத்தையும் பிறகு நிறுத்தலாம். செல்லோ டேப்பையெல்லாம் பிரித்து, பசையைத் துடைத்து, பிலிமுக்கென்று இருக்கும் டேப்பால் ஒட்டி, பஞ்சு உதிராத துணியால் துடைத்துவிட்டுத்தான் மெஷினில் ஏற்றினார்கள்.

4கேயா 2கேயா என்று கேட்டேன். இந்தச் சின்ன ஃபிரேமுக்கு நல்ல 2கே போதும் என்றான். முதல் கடையின் '4கே' கோப்பையும் இவர்களுடைய கோப்பையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு நானும் அதையே சொல்கிறேன். லென்ஸ் கூர்மையாக இருக்க வேண்டும், பிலிமின் இருட்டுப் பகுதிக்குள் புகும் வெளிச்சம் வேண்டும், கோப்பைக் கசக்கிச் சுருக்காமல் கொடுக்க வேண்டும். கோடாக்ரோம் போன்ற ரிவர்சல் பிலிமில் நிழல் மிக அடர்த்தியாக இருக்கும். நல்ல மெஷின்களில் ஒரே ஃபிரேமைக் குறைந்த வெளிச்சத்தில் ஒரு தடவை, கூடுதல் வெளிச்சத்தில் ஒரு தடவை எடுத்து இணைக்கும் வசதி உண்டு. அப்படி எடுத்த கோப்பில் பந்தல் நிழலில் இருந்த கருப்பு உருவங்களுக்கு முகம் வந்தது. தூணுக்குப் பின்னால் நின்றது சித்தப்பா! பன்னிரண்டு வயசு, கையில் பன்னீர்ச் சொம்பு.

கோப்பு 10 பிட் ப்ரோரெஸ் (அதிகம் சுருக்காத, தரம் கெடாத வீடியோ வடிவம்), நொடிக்கு 18 ஃபிரேம், எடுத்தது எடுத்தபடி. மொத்தம் 76 நிமிஷம், 100 ஜிபிக்கு மேல். வீட்டில் பார்ப்பதற்கு அதிலிருந்தே சின்னதாக எம்பி4 தனியாகக் கொடுத்தார்கள். 76 நிமிஷத்துக்கு 6 ஜிபி என்று எவராவது 4கே கொடுத்தால், அங்கேயே சந்தேகப்படுங்கள். வழுவழுப்பாக்குவதும் கூர்மையாக்குவதும் வேண்டவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிலிமின் மணிமணியான தன்மையைத் துடைத்தால் மூக்குத்தியும் சேர்ந்து போய்விடும். ஸ்கேனில் பிடிபடாதது பின்னால் எந்த மென்பொருளிலும் திரும்பி வராது. மென்பொருள் தானாக ஒரு முகத்தை வரைந்து கொடுக்கும், அது பாட்டி இல்லை.

நிறத்தை எப்படிச் சரிபார்த்தோம் என்றும் சொல்கிறேன். அம்மாவின் கூறைப்புடவை இன்னும் பீரோவில் இருக்கிறது, நல்ல அரக்கு. முதல் கடை கொடுத்ததில் அது கண்ணைக் கூசும் ரோஸாக இருந்தது, மடிப்பே தெரியவில்லை. புதிய கோப்பை ஓடவிட்டு அம்மா புடவையை டிவிக்குப் பக்கத்தில் பிடித்தார். அதே அரக்கு. ஜரிகைக் கரையில் இருக்கும் சின்னச் சின்ன ருத்ராட்சப் புட்டாவைக்கூட எண்ண முடிந்தது. கோடாக்ரோம் இருட்டில் வைத்தால் நிறம் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டாம். எக்டாக்ரோம் என்ற வேறு வகைப் பிலிமில் எடுத்த ஒரே ஒரு ரீல் மட்டும் செம்மை படிந்துவிட்டது.

இரண்டாவது இடத்தில் அடிக்கு 45 ரூபாய், 51,750 ஆயிற்று. முதல் கடைக்குப் போனதையும் சேர்த்தால் பெரிய தொகைதான். நீங்கள் முதலிலேயே ஒரு 50 அடி ரீலை மட்டும் கொடுத்துப் பார்த்தால் எனக்கு ஆனதுபோல் ஆகாது. வந்த கோப்பைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்துங்கள். கை இரண்டாகத் தெரிந்தால், ஒரே ஃபிரேம் இரண்டு தடவை வந்தால், மீதி ரீல்களைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் எல்லா ரீலையும் படமெடுத்து, எண்ணிக்கையையும் அடியையும் எழுதி ரசீதில் கையெழுத்து வாங்குங்கள். பிலிமின் ஓரத்தில் காவி நிறத்தில் மெல்லிய பட்டை ஓடினால் அதில் ஒலி இருக்கிறது, அதைத் தனியாகச் சொல்லுங்கள், எல்லா இடத்திலும் எடுக்க மாட்டார்கள்.

புகாரை நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாகவே பதிவு செய்தேன். நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். 1915 எண்ணில் கூப்பிட்டால் முதலில் வழி சொல்வார்கள். ரீலிலிருந்து வெட்டி எடுத்த கருகிய துண்டு, செல்லோ டேப், பென்டிரைவ், ரசீது எல்லாவற்றையும் ஒரு உறையில் வைத்திருக்கிறேன்.

மாமாவின் ரீல்கள் இப்போது பரணில் இல்லை, ஏசி அறை அலமாரியில் இருக்கின்றன. வினிகர் வாடை வந்தது மட்டும் தனி டப்பாவில். 'ஊர் 3' ரீலில் தாத்தா சுண்ணாம்பு விரலை வெற்றிலைக்குக் கொண்டுபோகிறார், படம் ஒரு கணம் துள்ளுகிறது, அடுத்து விரல் வெற்றிலைமேல் இருக்கிறது. இடையில் இருந்த நான்கு ஃபிரேமும் நான் அந்த ராத்திரி டேப்லெட் வெளிச்சத்தில் எடுத்த போன் படத்தில் மட்டும்தான் இருக்கின்றன.