‘அகிரா’ பெட்டிப் பதிப்பு: ஓவியத்துக்கு நியாயம், வாசகருக்குக் கொஞ்சம் வேலை

ஜப்பானிய ஓவியர் கட்சுஹிரோ ஒடோமோவின் ‘அகிரா’ காமிக்ஸை ஆங்கிலத்தில் வாங்குவதாக இருந்தால், முதலில் பக்கம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். 1988இல் மார்வெலின் எபிக் பிரிவு தொடங்கிய வண்ணப் பதிப்பிலும், 2009 முதல் கோடன்ஷா பதிப்பகம் மறுபடி கொண்டுவந்த கறுப்பு வெள்ளைப் பதிப்பிலும் ஓவியங்கள் இடம் வலமாகத் திருப்பப்பட்டவை. கதாபாத்திரம் டெட்சுவோ இழக்கும் வலக்கை அங்கே இடக்கையாகிவிடும்! 2017இல் வந்த 35ஆம் ஆண்டுப் பெட்டியின் ஆறு கெட்டி அட்டைத் தொகுதிகளும் மூலம்போலவே வலமிருந்து இடமாக ஓடுகின்றன.

பெரிய மாற்றம், சத்தங்களை எழுத்தில் காட்டும் ஒலிச்சொற்களில். முன்பு ஜப்பானிய எழுத்தை அழித்து, அடியில் இருந்த கோடுகளை ஒட்டுப்போட்டு, ஆங்கில ஒலியை எழுதினார்கள். இப்போது ஒடோமோ வரைந்த கட்டகானா என்ற ஜப்பானிய எழுத்து அப்படியே நிற்கிறது. அதன் பொருள், தொகுதியின் கடைசியில் குறிப்பாக இருக்கிறது. ஓவியத்துக்கு இதுதான் நியாயம். ஆனால் பைக் துரத்தல் போன்ற இடங்களில் ஒலிகள் குவிவதால், ஒவ்வொன்றுக்கும் பின்பக்கம் ஓடினால் வேகம் செத்துவிடும். அத்தியாயத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டுக் குறிப்பைப் பாருங்கள். கட்டகானாவின் 46 அடிப்படை எழுத்துகளைக் கற்றுவிட்டால் பாதி ஒலிகளுக்குக் குறிப்பே தேவைப்படாது.

வசனக் குமிழிகள் மேலிருந்து கீழாக எழுதும் மொழிக்காக வரைந்தவை, ஒடுக்கமானவை. ஆங்கிலம் அதில் இரண்டு மூன்று சொல்லுக்கு ஒரு வரி என்று நெருக்கியடித்து உட்காரும். இதற்கு எந்தப் பதிப்பிலும் மருந்தில்லை.

பழைய கறுப்பு வெள்ளைத் தொகுதிகள் கைவசம் இருந்து, கதை மட்டும் போதும் என்றால் இந்தச் செலவு வேண்டாம்.