கேன்சர் அசதிக்கு சிபிடியா, மைண்ட்ஃபுல்னெஸா? கூட இருந்து பாத்துக்கிறவங்களுக்கு எது?

கீமோ முடிஞ்சு மாசக்கணக்காச்சு, ரிப்போர்ட் எல்லாம் நார்மல், ஆனா குளிச்சிட்டு வந்தாலே போய் படுத்துக்கணும் போல இருக்கு. இப்படி சொல்றவங்கள வீட்ல "சோம்பேறித்தனம்"னு சொல்றது கேக்கவே கஷ்டமா இருக்கு. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி இது, நோயோடயும் ட்ரீட்மெண்டோடயும் சேந்து வர்றது, மனசு திடமா இருந்தா வராதுன்னெல்லாம் கிடையாது. தெரபிக்கு முன்னாடி ஹீமோகுளோபின், தைராய்டு, வலி, தூக்கம், டிப்ரஷன் எல்லாத்தயும் டாக்டர்கிட்ட பாத்துடுங்க, ரத்தம் கம்மியா இருக்கிறவங்கள உக்கார வச்சு கவுன்சலிங் மட்டும் குடுத்து என்ன ஆகப்போகுது.

மாத்திரையா தெரபியான்னா, 2017ல ஜாமா ஆன்காலஜி இதழ்ல 113 ஆய்வுகள், 11,525 பேர்னு மொத்தமா சேத்து அலசினாங்க. உடற்பயிற்சியும் மனநல தெரபியும் கிட்டத்தட்ட பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு, மாத்திரை ரொம்ப பின்னாடி. அதனால நடக்க முடிஞ்சவங்க டாக்டர்கிட்ட கேட்டுட்டு நடக்க ஆரம்பிங்க, எந்த தெரபி எடுத்தாலும் அது கூடவே ஓடட்டும்.

இப்ப சிபிடி, அதாவது நெனப்பையும் பழக்கத்தையும் மாத்துறதுக்கு உதவுற பேச்சு தெரபி. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது டைரி எழுதுறது. கொஞ்சம் தெம்பா இருக்குன்னு தோணுற அன்னிக்கு மாவு ஆட்டி, துணி துவைச்சு, அலமாரி வரைக்கும் ஒதுக்கி வச்சுட்டு, அடுத்த ரெண்டு நாள் எழுந்திரிக்கவே முடியாம கிடப்பாங்க இல்லயா, அந்த ஏத்த இறக்கம் டைரில பளிச்சுனு தெரிஞ்சிடும். அப்புறம் தெம்பான நாள்ல கொஞ்சம் கம்மி, முடியாத நாள்ல கொஞ்சமாவது, எழுந்திரிக்கிற நேரம் தினமும் ஒண்ணுன்னு சமன் பண்ணி, நிமிஷ கணக்குல மெதுவா ஏத்துவாங்க. "இனிமே நான் ஒண்ணுத்துக்கும் ஆக மாட்டேன்"ங்கிற நெனப்பையும் எடுத்து பேசுவாங்க. கஷ்டம் என்னன்னா பயிற்சி எடுத்த தெரபிஸ்ட் வேணும், வீட்ல செய்யவும் வேலை இருக்கும்.

மைண்ட்ஃபுல்னெஸ்னா இந்த நிமிஷத்துல நடக்கிறத மட்டும் கவனிக்கப் பழகுற தியானப் பயிற்சி. அதுல பேர் வாங்கினது அமெரிக்காவுல ஜான் கபட்-ஸின் 1979ல ஆரம்பிச்ச எட்டு வார கோர்ஸ். "திரும்ப வந்துடுமோ"ன்னு ராத்திரி பூரா முழிச்சு கிடக்கிறவங்களுக்கு நான் முதல்ல இதத்தான் சொல்வேன். ஆனா வாரம் ஒரு நீளமான கிளாஸ், தினமும் முக்கால் மணி நேரம் பயிற்சின்னா கீமோ ஓடிட்டு இருக்கிறப்ப பலரால முடியாது, அப்ப சின்னதா சுருக்கின கோர்ஸ் இருக்கான்னு கேளுங்க. 2024ல அமெரிக்க புற்றுநோய் மருத்துவர் சங்கம் ஆஸ்கோ வெளியிட்ட வழிகாட்டில சிபிடி, மைண்ட்ஃபுல்னெஸ் ரெண்டையுமே சொல்லியிருக்காங்க, ட்ரீட்மெண்ட் நடக்கிறப்பவும் முடிஞ்ச பிறகும். டைரில ஏத்த இறக்கம் பெருசா தெரியுறவங்களுக்கு என் ஓட்டு சிபிடிக்குத்தான்.

கூட இருந்து பாத்துக்கிறவங்க விஷயத்துக்கு வர்றேன், இங்கதான் ரொம்ப கோட்ட விடுறோம். ஆஸ்பத்திரில அவங்களுக்கு "அட்டெண்டர்"னு பேரு, பாஸ் வாங்கவும் ஃபைல் தூக்கவும் பில் கட்டவும் ஒரு ஆள், அவ்வளவுதான். வேலைக்கு லீவு போட்டு சம்பளம் போச்சு, தூக்கம் போச்சு, தன் பிபி மாத்திரைய கூட மறந்துட்டாங்க, யாரும் கேக்கல.

சப்போர்ட் குரூப்புன்னா செலவு கம்மி, அதே கஷ்டத்துல இருக்கிறவங்க முகத்த பாக்கலாம், ஆனா நோயாளிய விட்டுட்டு கிளம்பவே முடியாதவங்களுக்கு அது எட்டாது. அமெரிக்காவுல மிச்சிகன்ல உருவாக்கின ஃபோகஸ்னு ஒரு திட்டம், நோயாளியையும் பாத்துக்கிறவரையும் சேத்தே உக்கார வச்சு பேசும். அசதி ஒருத்தருக்கு, வேலை ரெண்டு மடங்கு இன்னொருத்தருக்கு, அதனால சேத்து பேசுறது நியாயம்தான், யார் எத செய்யுறதுன்னு அங்கயே பிரிச்சுக்கலாம். ஆனா நம்ம வீடுகள்ல புருஷன பக்கத்துல வச்சுக்கிட்டு "என்னால முடியலங்க"ன்னு எந்த பொண்டாட்டி வாய தொறப்பா? சேந்து ஒரு சிட்டிங், தனியா ஒரு சிட்டிங், ரெண்டும் வேணும். வெளிய போகவே வழியில்லன்னா அரசாங்கத்தோட மனநல ஃபோன் சேவை டெலி மானஸ் 14416 இருக்கு, இலவசம், 24 மணி நேரமும், தமிழ்லயும் பேசலாம்.

அப்பாயின்ட்மெண்ட் போடும்போதே ரெண்டு கேள்வி கேட்டுடுங்க: கேன்சர் அசதிக்குன்னு தனியா தெரபி குடுத்த அனுபவம் இருக்கா, கூட வர்றவங்களுக்கும் தனியா நேரம் ஒதுக்குவீங்களா.